சேர்ப்புத் தையல்

அக்டோபர் 18, புதன்

என்ன சாப்பிடுகிறேன் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் சுகர் டாக்டர். மகன் ஒரு டைரி கொண்டுவந்து தந்தான். “அஞ்சாங்கிளாஸ் படிச்ச மாமிக்கு இவ்வளவு தடிச்ச டைரியா?” என்று மருமகள் சுகந்தி சிரித்தாள். அஞ்சாங்கிளாஸ்தான். ஆனால் கையெழுத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரைஸ் வாங்கினவள் இந்தச் செல்லபாய் ஒருத்திதான். சுகந்தி பி.காம். அவள் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும்.

காலை: இரண்டு தோசை. மதியம்: கொஞ்சம் சோறு, சாளைமீன் கறி. இரவு: ஒரு சப்பாத்தி.

சாயங்காலம் ஒரு பழம்பொரி. அது சாப்பாட்டில் சேராது.

அக்டோபர் 20, வெள்ளி

பேத்தி ஜெனிலா சென்னையிலிருந்து பேசினாள். சினிமாவுக்கு உடுப்பு தைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். அதைப் படிப்பதற்கென்றே ஒரு காலேஜ் இருக்கிறதாம். இவள் அங்கே இரண்டாம் ரேங்க்.

“ஆச்சி, நீங்க இப்பவும் லேசு பின்னுவீங்கல்லா?”

“பின்னாம? ஒங்கப்பனுக்கு ஞானஸ்நானத் தொப்பி வரைக்கும் என் கையிலதான மக்களே.”

நூத்தி முப்பது வருஷத்துக்கு முன்னால் மலைமேல் ஒரு பங்களா, அதில் ஒரு வெள்ளைக்கார துரைசாணி. அதுதான் கதையாம். அவளுடைய உடுப்பெல்லாம் கொடியில் காய்கிறது. கேமரா அதன் பக்கத்தில் கூடியே மெதுவாகப் போகும். மிஷின் தையல் தெரிந்தால் கெட்டுவிடும். எல்லாம் கைத்தையல், ஓரத்துக்குக் கையால் பின்னின லேசு.

“கவுனா ஏட்டி?” என்று கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். அப்புறம், “உள்ள போடுறது ஆச்சி” என்றாள்.

சுகந்தி காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். “சினிமாவுல காட்ட வேற ஒண்ணும் கெடைக்கலியா ஒங்களுக்கு?”

“யாரும் போட்டுக்கிட்டு வர மாட்டாங்க ஆச்சி. கொடியில மட்டுந்தான். நான் மேடம்ட்ட பொறுப்பு எடுத்துட்டேன். எங்க ஆச்சி செய்வாங்கன்னு சொல்லிட்டேன். நவம்பர் இருபத்தெட்டுக்குள்ள வரலேன்னா கடை லேசு வச்சுத் தச்சிருவாங்க. அப்புறம் என்னை நம்பி எதையும் தர மாட்டாங்க. மறுபடியும் பட்டன் தைக்கிற மூலைதான்.”

என் கை இருக்கும்போது என் பேத்திக்குக் கடை லேசா? அனுப்பு என்று சொல்லிவிட்டேன்.

இரவு: இரண்டு இட்லி. (மூன்று.)

அக்டோபர் 24, செவ்வாய்

பார்சல் வந்தது. நல்ல மல் துணி, கையில் எடுத்தால் கனமே இல்லை. வெட்டித்தான் அனுப்பியிருக்கிறாள். முழங்கால் வரை இறங்குகிற சிமிஸ் ஒன்று, அதைவிட நீளமான டிராயர் இரண்டு, உள்பாவாடை ஒன்று. பாவாடைக்கு மடிப்புத் தையல் போதும். சிமிஸ் கழுத்துக்கும் டிராயர் கால்களுக்கும் லேசு வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஏழு முழம்.

கட்டிலில் பரப்பி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சாங்கிளாஸ் முடிந்த மறுவாரமே என்னை லேசு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். மிஷன் பங்களாவுக்குப் பின்னால் ஓடு போட்ட நீள அறை. தரையில் ஆளுக்கொரு பாய், மடியில் வைக்கோல் அடைத்த மெத்தை, மெத்தைமேல் மாதிரிக் காகிதம். காகிதத்தில் குண்டூசி குத்தி, குச்சிகளில் சுற்றின நூலை அதைச் சுற்றிச் சுற்றி மாற்ற வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்றாகக் குச்சி மாற்றினால் ஓட்டின்மேல் தூறல் விழுகிற சத்தம் கேட்கும். வெளியே உண்மையில் மழை பெய்தால்கூட எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் விளிம்பு மட்டும்தான் பின்னினோம். எதன் விளிம்பு என்று யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. மேசை விரிப்பு என்று நினைத்துக்கொண்டோம். இத்தனை வருஷம் கழித்து முழு உடுப்பும் என் கட்டிலில் கிடக்கிறது.

அக்டோபர் 29, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெண்கள் சங்கத்தில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். சுகந்தி யாரிடமோ வாய்விட்டிருக்கிறாள்.

“சினிமாவுக்குத் தைக்கியளாமே? என்ன உடுப்பு?”

“துரைசாணிக்குள்ளது” என்றேன். பொய் இல்லை.

“ஒருநாள் கொண்டாங்க, எல்லாரும் பாப்போம். போதகர் ஐயரம்மாவும் பாக்கட்டும்.”

“ஷூட்டிங் முடியுறதுக்குள்ள வெளிய காட்டப்படாதுன்னு சட்டம் இருக்கு” என்றேன். அப்படி ஒரு சட்டம் நிச்சயம் இருக்கும்.

லோவிசாள் மைனி அந்தப் பக்கம் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். என் அண்ணன் பெண்டாட்டி. அவளும் அந்த லேசு அறையில் என் பக்கத்துப் பாயில் இருந்தவள்தான். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் “வந்தியா”, “வந்தேன்” என்று பேசிக்கொள்வோம். அண்ணன் போனபிறகு அதற்கும் சந்தர்ப்பம் குறைந்துவிட்டது.

நவம்பர் 2, வியாழன்

லேசு தவிர சிமிஸ் முடிந்தது. தையல் ஒவ்வொன்றும் எள்ளு மாதிரி. சுகந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டைக் காட்டினாள். விரலில் ஊசி ஏறியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. இப்போது வருகிற ஊசி அவ்வளவு மெல்லிசு. உப்புத் தண்ணீரில் அலசினேன், போய்விட்டது.

டிராயரில் ஜெனிலா ஒரு தப்பு விட்டிருந்தாள். இரண்டு காலையும் இடுப்புப் பட்டியில் மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். நடுவில் முன்னும் பின்னும் பிளந்தே கிடக்கிறது. அவசரத்தில் எழுத மறந்திருப்பாள். நான் இரண்டு டிராயரிலும் உள்மடிப்பு போட்டு நடுவைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். தையல் இருக்கிற இடமே தெரியாது. பிள்ளையின் மேடத்துக்கு முன்னால் மானம் காத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். போனில் சொல்லி அவளை வருத்தப்படுத்தவில்லை.

மதியம்: சோறு, அவியல். அல்வா சாப்பிடவில்லை. ருசி பார்த்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

மச்சிலிருந்து லேசு மெத்தையை மகன் இறக்கித் தந்தான். குச்சிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாதிரிக் காகிதம் நானே குத்தினேன். என்னுடைய மாதிரி வடிவம் விசிறி. லேசு அறையில் ஆளுக்கொரு மாதிரி கைவந்தது. எனக்கு விசிறி, லோவிசாளுக்குச் சிலந்தி, எங்களுக்கெல்லாம் மூத்த யோவன்னாக்காவுக்கு மீன்வால். துண்டைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவேன். அதில் என்னை யாரும் மிஞ்சினதில்லை.

குச்சி நழுவுகிறது. காற்றில் ஈரம் அதிகம்.

நவம்பர் 8, புதன்

மழை. பின்னினது நாலு விரற்கடை. அவிழ்த்தது நாலு விரற்கடை.

நவம்பர் 9, வியாழன்

குக்கர் மூடியைத் துணி பிடிக்காமல் எடுத்துவிட்டேன் என்று சுகந்தி ஊரைக் கூட்டினாள். இரண்டு விரலில் கொப்புளம். வலிக்கவே இல்லை. வேலை செய்து பழகின கை.

“மாமி, வலிக்கலேன்னா அதுதான் பயம். ஊசி ஏறுனதும் தெரியல, சூடும் தெரியல. டாக்டர்ட்ட சொல்லணும்.”

“டாக்டர் சாப்பாடுதான எழுதச் சொன்னாரு? விரலப் பத்தி எழுதச் சொன்னாரா?”

அவள் மருந்து தடவிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னாள். “லோவிசாள் அத்தை இப்பவும் பின்னுறாங்களாம். கோயில் பீட விரிப்புக்கு அவங்கதான் ஓரம் வச்சுக் குடுத்தாங்களாம்.”

அந்த விரிப்பை நானும் பார்த்திருக்கிறேன். சிலந்தி. ஒரு ஓரத்தில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

ஜெனிலா பேசினாள். “லேசு எவ்வளவு ஆச்சு ஆச்சி? மேடம் கேட்டாங்க.” முக்கால்வாசி என்றேன்.

நவம்பர் 11, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கடை லேசு வாங்க வடசேரிச் சந்தைக்குப் பஸ் ஏறிப் போவதைவிட நல்ல வழி ஒன்று தோன்றியது. பெட்டியில் என் கல்யாணப் பாவாடை இருக்கிறது. பட்டுச் சேலைக்கு உள்ளே உடுத்தின வெள்ளை உள்பாவாடை. அதன் அடியில் சுற்றிலும் லேசு. அதை அறுத்து எடுத்தால் ஒரு டிராயருக்காவது காணும்.

அந்த லேசு எப்படி வந்தது என்றால், எங்கள் அறையில் ஒரு வழக்கம். நாங்கள் பின்னினதெல்லாம் கப்பல் ஏறிப் போய்விடும். எங்களுக்கென்று ஒரு சாண் கிடையாது. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் என்றால், குச்சியில் மிஞ்சின கடைசி நூலைச் சேர்த்துவைத்து ஆளுக்கொரு துண்டு அவரவர் மாதிரியில் பின்னுவோம். கல்யாணம் முடிந்து போனவளும் ஒரு துண்டு அனுப்ப வேண்டும். எல்லாத் துண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பாவாடை அடியில் வைத்துத் தைப்போம். விசிறி, மீன்வால், சிலந்தி, எல்லாம் கலந்து ஓடும். கோயிலில் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. நடக்கும்போது கணுக்காலில் உரசும், அவ்வளவுதான். அத்தனை பேரும் கூடவே நடந்து வருகிற மாதிரி இருக்கும். அறையைப் பார்த்துக்கொண்ட மேட்ரன் அம்மாவுக்குத் தெரியும். நூல் மிஞ்சுவதைப் பற்றி அவர்கள் கேட்டதே இல்லை.

கோயிலில் கல்யாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசித்துவிட்டால் கல்யாணப் பெண் லேசு அறைக்கு வரக்கூடாது. அவளுக்குத் தெரியாமல்தான் சேர்க்க வேண்டும். எனக்கும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் பாவாடை வீட்டுக்கு வந்தது. தரையில் விரித்துத் துண்டு துண்டாக ஆள் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். சிலந்தி மட்டும் இல்லை. பக்கத்துப் பாய்க்காரி, ஒரே பொதியில் சோறு தின்றவள், எனக்கு ஒரு துண்டு தரவில்லை. காரணம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் அவளே என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் பாவாடைக்கு நான் துண்டு அனுப்ப முடியவில்லை. எனக்கு அப்போது கடும் காய்ச்சல்.

இன்றைக்கு அந்தப் பாவாடையை எடுத்து, தையலை அறுப்பதற்காக முதல்தடவையாக உள்பக்கம் திருப்பினேன். பிளேடும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் சேர்ப்புத் தையல் இருக்கிறது. வெளிப்பக்கம் தெரியாது, உள்ளே மட்டும் தெரியும். எப்போதும் யோவன்னாக்காதான் சேர்ப்பாள். ஆனால் இது யோவன்னாக்கா இல்லை. தையல் எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. எங்கள் அறையில் இடது கையால் தைக்கிறவள் ஒருத்திதான். ஊசியை வலது கைக்கு மாற்றச் சொல்லி மேட்ரன் அம்மா அவள் கையில் எத்தனை அடி கொடுத்தும் மாற்றாதவள்.

எல்லாச் சேர்ப்பும் லோவிசாள்.

நவம்பர் 12, ஞாயிறு

கோயிலில் அவள் இரண்டு பெஞ்சு முன்னால் இருந்தாள். பிரசங்கம் என்ன என்று என்னிடம் கேட்டால் சொல்லத் தெரியாது.

நவம்பர் 13, திங்கள்

பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு லோவிசாள் வீட்டுக்குப் போனேன். சுகந்தியிடம் மருந்துக் கடைக்கு என்று சொன்னேன். லோவிசாள் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு?” என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். “செல்லபாயா? யாரு செத்துப்போனா?”

“யாரும் சாவல மைனி.”

“பின்ன நீ எதுக்கு வந்த?”

என் பாவாடையை எடுத்து அவள் மடியில் உள்பக்கமாகப் போட்டேன். அவள் பார்க்கவில்லை. விரலால் தடவினாள். ஒரு சேர்ப்பிலிருந்து அடுத்த சேர்ப்புக்கு விரல் தானாகவே போயிற்று.

“இப்பத்தான் பாத்தியாக்கும்?”

“யோவன்னாக்கால்லா எப்பவும் சேப்பா?”

“அக்காவுக்கு அம்மை வார்த்திருந்துது. கூப்பிட்டு விட்டு என்னச் சேக்கச் சொன்னா. அவளுக்குப் பதிலாச் சேக்கிறவ தன் துண்டு வைக்கப்படாது, நான்தான்னு சொல்லவும் படாது. அக்கா வச்ச சட்டம்.”

“இத்தன வருசமா சொல்லாம இருந்துட்டியே.”

“நீ கேட்டியா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு முன்னால போறவளுக்குப் பின்னால நான் ஓடி வரணுமா ஏட்டி? ஒரு சட்டம் எனக்கும் உண்டு.”

ஏட்டி என்று அவள் என்னைக் கூப்பிட்டு எத்தனை காலம்! வாசலில் கோழி கிளறிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது.

அப்புறம் பேத்தியின் பொறுப்பைப் பற்றிச் சொன்னேன். கெடு இருபத்தெட்டு. லேசு ஒரு முழம்கூட ஆகவில்லை என்று சொன்னேன். கொப்புளத்தைக் காட்டினேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்: “குச்சி கையில இருக்கா இல்லியான்னே தெரியல லோயி.”

அவள் டிராயரை விரித்தாள். நடுவில் கையை விட்டுத் தடவினாள். மறுபடி தடவினாள். திடீரென்று மரச்சீனித் தொலி எல்லாம் சிதறும்படி சிரிக்க ஆரம்பித்தாள்.

“இத யாருட்டி அடச்சது?”

“நான்தான். பிள்ள விட்டுப்போட்டுது.”

“எடி அறிவு கெட்டவளே! அந்தக் காலத்து டிராயருக்கு நடுவுல தையலே கெடையாது. எங்கம்மை பங்களாவுல துணி துவச்சவல்லா, எத்தன காயப்போட்டிருப்பேன்! பழைய துரைசாணி கடைசிவரைக்கும் அதத்தான் போட்டா. மேல மூணு பாவாடை, இடுப்புல எலும்பு வச்ச கச்சை. இத்தனையையும் அவுத்துக்கிட்டா அவ ஒதுங்கப் போவா? அப்படியே குத்தவச்சிருவா.”

கர்த்தரே! இதையா பெண்கள் சங்கத்தில் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள்?

“மானத்தக் காப்பாத்துனேன்னுல்லா நெனச்சேன்” என்றேன்.

“துரைசாணிக்கு மூத்திரத்த அடச்சுட்டியே!”

இரண்டு பேரும் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டு டிராயரையும் அவளே பிரித்தாள். நல்ல தையல், பிரிக்க மனசு வரவில்லை என்று சொன்னாள். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மதியம்: மரச்சீனி, மீன்கறி. எவ்வளவு என்று எழுதவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

தினமும் போகிறேன். அவள் விரலுக்கு ஒரு குறையும் இல்லை. கண்தான் மப்பு, எல்லாம் மங்கல். ஒரு கண் ஆபரேஷன் செய்து சரியாக வரவில்லை, மற்றதுக்குப் பயந்துகொண்டு இருக்கிறாள். குத்தின புள்ளி தெரியாமல்தான் அந்தப் பீட விரிப்பு இழுத்துக்கொண்டது. எனக்குக் கண்ணுக்குக் குறைவில்லை. அதனால் நான் புள்ளி பார்த்துக் குண்டூசி குத்துகிறேன், அவள் குச்சி மாற்றுகிறாள்.

“கீழ. இன்னும் கீழ. அதுதான். இப்ப எடது பக்கம்” என்று அவள் குச்சிக்கு வழி சொல்வேன்.

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா நேத்து ஏன் தப்புன?”

“நீ பேசுனதுனால.”

சிலந்தி மாதிரிதான் பின்னுகிறோம். விசிறிதான் அழகு. ஆனால் விரல் அவளுடையது, என்ன செய்ய?

பின்னுகிறபோது பழைய பேச்சுதான். மேட்ரன் அம்மா தூங்கினால் எல்லாரும் குச்சியைத் தாளத்துக்கு மாற்றினது. மழைநாளில் மெத்தை வைக்கோல் மணத்தது. அவள் கல்யாணத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. “அன்னிக்குப் பந்தியில பாயசம் முழுக்க நான்தான வெளம்புனேன், கை அத்துப்போச்சு” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மப்புக் கண்ணால் எதற்கு அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

மின்சாரம் இல்லை. வாசலில் உட்கார்ந்து பின்னினோம். சுகந்தி குடையோடு தேடி வந்துவிட்டாள். “இதுதானா மருந்துக் கடை?” என்றாள். அவளையும் உட்காரவைத்து நூல் சுற்றவிட்டோம். நன்றாகத்தான் சுற்றுகிறாள். பி.காம். படித்தவள் என்று சொல்லவே முடியாது.

நவம்பர் 25, சனி

ஏழு முழமும் ஆயிற்று. உடுப்பில் லேசை நான் வைத்துத் தைத்தேன். விரலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தைத்தால் ஊசி ஏறாது, அந்த வழி இப்போது பழகிவிட்டது. மெதுவாகத்தான் போகும். துண்டுக்கும் துண்டுக்கும் சேர்ப்பு மட்டும் அவள் போட்டாள்.

முடிந்ததும் அவள் உள்ளே போய்ப் பழைய பெட்டியிலிருந்து எதையோ எடுத்து வந்தாள். அவள் கல்யாணப் பாவாடை. அடியில் சுற்றிலும் லேசு. மீன்வால், மணி, முந்திரி, எல்லாரும் இருந்தார்கள். ஒரு இடத்தில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் துணி. இரண்டு பக்கமும் லேசு வந்து நின்றுவிடுகிறது.

“இது என்ன, அந்துபோச்சா?”

“இல்ல. யோவன்னாக்கா சேத்து அடைக்கப் பாத்தா. நான்தான் விடச் சொன்னேன். வருவா, குடுப்பான்னு சொன்னேன்.” பாவாடையை மடியில் நீவிவிட்டாள். “ஒனக்குத்தான் அப்போ காய்ச்சலாமே.”

“ஆமா” என்றேன். “நல்ல காய்ச்சல்.”

“பாயசம் வெளம்புற அளவுக்குக் காய்ச்சல்” என்றாள். அவ்வளவுதான். காப்பி போட எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 27, திங்கள்

ஜெனிலா வந்தாள். ராத்திரி முழுக்கப் பஸ், முகமெல்லாம் வாடிக் கிடந்தது. வந்ததும் குளிக்காமல் துணியைத்தான் எடுத்தாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். லேசுக்குள் வெளிச்சம் வந்து அவள் முகத்தில் சிலந்தி சிலந்தியாக விழுந்தது.

“ஆச்சி,” என்றாள்.  டிராயரை விரித்து நடுவைப் பார்த்தாள். “நீங்க இத அடச்சிருவீங்களோன்னுதான் பயந்துக்கிட்டே வந்தேன்.”

“எங்களுக்குத் தெரியாதாட்டி?” என்றேன். சுகந்தி சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

ஜெனிலா படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினாள். பதில் வந்தது. உள்பாவாடை இன்னும் ஆறு வேண்டுமாம், இந்தப் பிள்ளையையே பொறுப்பாக இருந்து வாங்கி வரச் சொன்னார்களாம். அவள் போனை என்னிடம் காட்டிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் கட்டிக்கொண்ட மாதிரியே.

“சினிமாவுல எங்க பேரு வருமா?” என்று கேட்டேன்.

“கேக்கேன் ஆச்சி.”

“லோவிசாள் பேரையும் சேத்துக் கேளு. அவ பேரு முதல்ல வந்தாலும் பரவாயில்ல.” கொஞ்சம் யோசித்து, “ரெண்டும் ஒரே வரியில வரட்டும்” என்றேன்.

நவம்பர் 30, வியாழன்

டாக்டரிடம் விரலைக் காட்டினேன். நானாகவேதான் காட்டினேன். டைரியைப் புரட்டிப் பார்த்தார், படித்துக்கொண்டே போனார், சிரித்தார். மாத்திரை மாற்றி எழுதியிருக்கிறார். லோவிசாளின் கண்ணுக்கும் ஒரு டாக்டர் பெயர் கேட்டு வாங்கி வந்தேன்.

டிசம்பர் 2, சனி

விசிறி. ஒரு விரற்கடை.

டிசம்பர் 5, செவ்வாய்

விசிறி. இன்னொரு விரற்கடை. அவிழ்க்கவில்லை. கோணலாகத்தான் இருக்கிறது. அவிழ்த்தால் மறுபடி வருமா என்று தெரியவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

மூன்று விரற்கடையும் முடிந்தது. ஒரு விசிறி பெரிதும் ஒன்று சிறிதுமாக, காற்றில் அடிபட்ட மாதிரி இருக்கிறது. கோயில் முடிந்து லோவிசாள் வீட்டுக்குப் போய் அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விரலால் தடவினாள்.

“விசிறி கொஞ்சம் மடங்கிக் கெடக்கு.”

“காய்ச்சக்காரி பின்னுனதுல்லா” என்றேன்.

அவள் பாவாடையை எடுத்து வந்தாள். நான் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தேன். சேர்க்கிறவள் சொல்லக்கூடாது என்பதால் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். வாசலில் கோழி கிளறிக்கொண்டிருந்தது. கடைசி முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். பாவாடையை என் மடியில் போட்டாள்.

வெளிப்பக்கம் நான் பார்க்கவில்லை. நேராக உள்பக்கம் திருப்பினேன். தையல் எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தது.